ஏன் இதோடு இதை வைத்தாய்?



சிறு பிள்ளைகள் பொருள்களையும் உயிர்களையும் மனிதர்களையும் எவ்வாறு வகை வகையாகப் பிரித்து அறிகிறார்கள் என்பதே இம்முறை எமது பாடம். இது பாடசாலை ஆசிரியர்களின் வேலைதானே, எமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொன்னால் காரணம் விளங்கும்.

எங்கள் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது பாலர் வகுப்பில் குடும்பப் படம் ஒன்று கீறச் சொன்னார்கள். அவள் தன்னோடு சேர்த்து ஆறு பிள்ளைகளைக் கீறினாள். தம்பி ஒருவன், பெரியப்பாவின் பிள்ளைகள் மூவர், சின்னம்மாவின் மகள் ஒருத்தி. உனக்குச் சகோதரன் ஒருவன்தான், மற்றவர்கள் கசின்கள் என்று அங்கே திருத்தினார்கள். நான்கு பிள்ளைகளின் மேல் ஒரு கோடு விழுந்தது. படத்தோடு வீட்டுக்கு வந்தவள், "அப்பா, அண்ணா என்ர அண்ணா இல்லையோ?" என்று கேட்டாள். வேலை முடிந்து களைத்து வந்த நாங்கள் படத்தைச் சரியாகப் பார்க்காமலே, "டீச்சர் சொன்னால் சரிதான் பிள்ளை" என்று சொல்லிவிட்டோம்.

அந்த வார இறுதியில் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது அவள் அண்ணாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய தாயார்தான் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகே நாங்கள் இந்த விடயத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம். வாசித்து அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பேச்சு வருமுன்னரே

வகைபிரித்தல் பாடசாலையில் தொடங்குவதல்ல. மூன்று, நான்கு மாதக் குழந்தைகளுக்குப் பல பூனைகளின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, பின்னர் புதிய பூனை ஒன்றையும் நாய் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால், குழந்தைகள் நாயையே கூடுதல் நேரம் பார்க்கின்றன. போல் குவின், பீற்றர் ஐமாஸ் முதலிய ஆய்வாளர்கள் 1993-இல் இதனை வெளியிட்டார்கள். புதிய பூனையும் பழைய கூட்டத்தைச் சேர்ந்ததுதான், நாய் வேறு கூட்டம் என்று அந்தப் பச்சைக் குழந்தையின் கண் பிரித்துவிடுகிறது.

பேச்சு வந்ததும் பிள்ளை தன் விதியை வாயால் சோதிக்கிறது. 2015-இல் கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்காவாக்கப்பட்ட எமது ரூஜ் பூங்காவிலே எங்கள் மகன் அணிலைக் கண்டு "பூனை, பூனை" என்று கத்தினான். நாங்கள் சிரித்தோம். ஆனால் நான்கு கால், வால், உடம்பெல்லாம் மயிர் இருந்தால் அது பூனை என்பது ஒரு விதி. விதி சிறிது அகலமாக இருந்ததே தவிர, விதி இல்லாமல் அவன் பேசவில்லை.

பிள்ளைகள் எந்த மட்டத்துப் பெயரை முதலில் பிடிக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. விலங்கு என்ற பெரிய வகையையோ, லாப்ரடோர் என்ற சிறிய வகையையோ அல்ல, நாய் என்ற நடு வகையையே முதலில் கற்கிறார்கள். எலினோர் ரோஷ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1976-இல் இதனை விரிவாக ஆராய்ந்தார்கள். ஒரே தோற்றமும் ஒரே பயன்பாடும் உடைய பொருள்கள் அந்த நடு மட்டத்திலேதான் இயல்பாகக் கூடுகின்றன. ஆகவே இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கத்தரிக்காய், வெண்டிக்காய் என்று சொல்லிக் கொடுங்கள். மரக்கறி என்ற சொல் பின்னர் தானாக வந்து அவற்றின் மேல் அமரும்.

மாம்பழமும் கத்தியும்

மாம்பழம், வாழைப்பழம், கத்தி ஆகிய மூன்றையும் மேசையில் வைத்து, எவை இரண்டும் சேரும் என்று நான்கு வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் மாம்பழத்தையும் கத்தியையும் எடுப்பார்கள். ஏன் என்று கேட்டால், "அம்மா வெட்டித் தருவா" என்பார்கள். நாம் உடனே பிழை என்கிறோம். அது பிழையல்ல, வேறொரு விதி. எது எதனோடு சேர்ந்து வேலை செய்கிறது என்ற விதி அது.

எலன் மார்க்மன், ஜீன் ஹட்சின்சன் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. பசு, பன்றி, பால் போன்ற மூன்று மூன்று படங்களைக் காட்டி, இதைப் போல இன்னொன்றை எடு என்று மட்டும் சொன்னபோது பிள்ளைகள் பல தடவை பாலின் பக்கம் போனார்கள். ஆனால் பசுவுக்குத் தாங்கள் புதிதாக உண்டாக்கிய ஒரு பெயரைச் சூட்டி, அந்தப் பெயருடைய இன்னொன்றை எடு என்று சொன்னபோது அதே வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் பன்றியின் பக்கம் வந்தார்கள். பொருளற்ற ஒரு பெயர்கூட, ஒரே இனத்தைத் தேடு என்று பிள்ளைக்கு வழி காட்டுகிறது. பெயர் என்பது வெறும் ஒட்டுச் சீட்டு அல்ல. வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர் மறையும்போது, அந்தப் பெயர் காட்டிய கூட்டமும் பிள்ளையின் கண்ணுக்கு மறையத் தொடங்குகிறது.

கத்தியையும் மாம்பழத்தையும் சேர்ப்பது குறைந்த அறிவின் அடையாளம் என்றும் எண்ணவேண்டாம். அலெக்சாண்டர் லூரியா என்ற சோவியத் உளவியலாளர் 1931, 1932-ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குச் சென்று, சுத்தியல், வாள், கோடரி, மரக்குற்றி ஆகிய நான்கில் சேராதது எது என்று கேட்டார். பள்ளிக்கூடம் போனவர்கள் மரக்குற்றியை விலக்கினார்கள், ஏனைய மூன்றும் கருவிகள் என்றார்கள். எழுத்தறியாத விவசாயிகளோ, எல்லாம் வேண்டும், குற்றி இல்லாமல் வாளும் கோடரியும் எதற்கு என்றார்கள். நிலத்தை உழுது குடும்பத்தைக் காத்த மனிதரை அறிவில்லாதவர் என்று யார் சொல்ல முடியும்? கருவிகள், பழங்கள் என்று பிரிப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பழக்கம். எமது பிள்ளைக்கு அந்தப் பழக்கமும் வேண்டும். வீட்டின் விதியைப் பழித்து அதைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே எமது கருத்து.

ரொறன்ரோவில் ஓர் அட்டை விளையாட்டு

அடுத்த படி எமது நகரத்தோடு சம்பந்தப்பட்டது. அப்போது ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிலிப் செலாசோ, டக்ளஸ் பிரை முதலியோருடன் சேர்ந்து 1995-இல் ஓர் அட்டை விளையாட்டை வெளியிட்டார். இன்று பல நாடுகளில் ஆய்வாளர்கள் அதனைப் பயன்படுத்துகிறார்கள். சிவப்பு, நீலம் என்று இரு நிறம், முயல், படகு என்று இரு உருவம் உடைய அட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்வார்கள். மூன்று வயதுப் பிள்ளையும் செய்துவிடும். பின்னர், இனி நிறம் வேண்டாம், உருவப்படி பிரி என்று விதியை மாற்றுவார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளிற் பலர் பழையபடி நிறத்தின்படியே வைத்துக்கொண்டு போவார்கள். இந்த விளையாட்டில் முயல் எங்கே போகும் என்று கேட்டால் சரியாகக் காட்டுவார்கள், ஆனால் கை பழைய பெட்டிக்கே போகும். ஐந்து வயதளவில் பெரும்பாலோர் மாறிவிடுவார்கள்.

ஆகவே ஒரு பொருளை ஒரு பெட்டியில் வைக்கக் கற்பது முதற்படி. அதே பொருளை எடுத்து வேறொரு விதிப்படி வேறொரு பெட்டியில் வைக்கக் கற்பதே கடினமான இரண்டாம் படி.

யோர்க் பல்கலைக்கழகத்தின் எலன் பியாலிஸ்டொக் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், சீனமும் ஆங்கிலமும் பேசும் சிறு பிள்ளைகள் ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகளைவிட இந்த மாற்றத்தை நன்றாகச் செய்தார்கள். எனினும் பின்னர் வேறு ஆய்வாளர்கள் பெருந்தொகைப் பிள்ளைகளிடம் சோதித்தபோது இந்த நன்மை பல இடங்களில் தென்படவில்லை. எனவே தமிழ் படித்தால் மூளை வளரும் என்று நாங்கள் விளம்பரம் செய்யப் போவதில்லை. ஆனால் அதே பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் ஒரு மொழியுமாக, ஒரே உலகை இரண்டு விதமாகப் பிரித்து வைத்த சொற்களோடு நாள்தோறும் வாழ்கிறார்கள். இதற்கு ஆய்வு தேவையில்லை, எமது சாப்பாட்டு மேசையே சாட்சி.

ஒரே பொருள், வேறு வேறு பெட்டி

எங்கள் தொழில் கணக்கு எழுதுவது. வரிக் காலம் வந்தால் சிலர் சப்பாத்துப் பெட்டி நிறையப் பற்றுச்சீட்டுகளைக் கொண்டுவந்து தருவார்கள். அவற்றை மாதப்படியும் அடுக்கலாம், செலவு வகைப்படியும் அடுக்கலாம். மரக்கறிக் கடைக்காரர் சாமான் ஏற்ற வைத்திருக்கும் வான் அவருடைய கணக்கில் நிலையான சொத்து. அதே வான், வாகனம் விற்பவரின் முற்றத்தில் நின்றால் விற்பனை இருப்பு. வானில் ஒரு மாற்றமும் இல்லை, நோக்கமே வேறு.

இதை நாங்கள் பல்கலைக்கழகத்துக்கு முன்னரே படித்திருந்தோம். 1995 ஒக்டோபர் 30-ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோது எங்களைப் போன்றவர்கள் சிறுவர்கள். அதுவரை குசினிச் சாமான், சாமியறைச் சாமான், படிப்புச் சாமான் என்று இருந்த வீடு சில மணி நேரத்தில் இரண்டே வகையாயிற்று: தூக்கக்கூடியது, தூக்க முடியாதது. அம்மியும் தையல் இயந்திரமும் ஒரு வகை. காணி உறுதியும் அரிசிப் பையும் மற்ற வகை. வகை என்பது பொருளுக்குள் மட்டும் இருப்பதல்ல, எமது தேவைக்குள்ளும் இருக்கிறது.

இதனைப் பிள்ளைகளுக்கு அமைதியான முறையில் காட்ட நல்ல இடம் அருகிலேயே இருக்கிறது. 1974-இல் ரூஜ் பள்ளத்தாக்கில் திறக்கப்பட்ட ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலையில் விலங்குகளை அவை வாழும் நிலப்பகுதிப்படி வைத்திருக்கிறார்கள். சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் ஆபிரிக்கப் பகுதியில், புலி வேறு பகுதியில். சிங்கமும் புலியும் சொந்தக்காரர், ஏன் பக்கத்தில் இல்லை என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். அன்றைய பாடம் அதுவே போதும்.

எமது மொழியின் பெட்டிகள்

தமிழிலே பெரும்பாலும் ஒரு வசனத்தை முடிப்பதற்கே வகை பிரிக்க வேண்டியிருக்கிறது. மாமா வாறார், தம்பி வாறான், பஸ் வருகுது. திருவிழாவிலே யானை முகத்தைக் கண்டும் எமது சின்னஞ்சிறுசுகள் "பிள்ளையார் வாறார்" என்றுதான் சொல்கிறார்கள், "வருகுது" என்பதில்லை. யாரும் இலக்கணம் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவர்களுக்கும் இது எளிதான கேள்வியாக இருக்கவில்லை. தொல்காப்பியம் மக்களை மட்டுமே உயர்திணை என்றது. நன்னூல் தேவரையும் நரகரையும் அதிற் சேர்த்தது.

உயிர்களை அறிவுப்படி அடுக்கிய தொல்காப்பிய முறையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. தாவரத்துக்குத் தொடுகை, நத்தை போன்றவற்றுக்கு அதனோடு சுவை, எறும்புக்கு அவற்றோடு மணம், நண்டுக்குப் பார்வை, விலங்குக்குக் கேள்வி, மனிதருக்கு மனம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. இன்றைய விஞ்ஞானம் இப்படிப் பிரிப்பதில்லை. ஆயினும் மேல்வகை கீழ்வகையின் குணங்களையும் தன்னுள் கொண்டிருக்கும் என்ற எண்ணம் அருமையானது. வகைக்குள் வகை என்பது பிள்ளைகளுக்குக் கடினம். பியாஜேயும் இன்ஹெல்டரும் 1959-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தது இதைத்தான். ஆறு மாம்பழமும் இரண்டு வாழைப்பழமும் வைத்து, மாம்பழம் கூடவா, பழம் கூடவா என்று கேட்டால், ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிற் பலர் மாம்பழம் என்பார்கள். ஏசவேண்டாம், ஓரிரு வருடம் பொறுங்கள்.

நெல், அரிசி, சோறு என்று நாம் மூன்றாகப் பிரிப்பதை ஆங்கிலம் ரைஸ் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. நாம் எலி என்று ஒன்றாகச் சொல்வதை ஆங்கிலம் மவுஸ், ராட் என்று இரண்டாக்குகிறது. இதில் உயர்வு தாழ்வு இல்லை. இரண்டும் அறிந்த பிள்ளை, பெட்டிகளை மனிதர்தான் செய்தார்கள் என்பதை இளமையிலேயே அறிந்துகொள்கிறது.

கசின் என்ற ஒரு சொல்

இனி எங்கள் மகளின் படத்துக்கு வருவோம். தகப்பனின் சகோதரர் பிள்ளைகளும் தாயின் சகோதரிகள் பிள்ளைகளும் தமிழிலே அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி. மாமா, மாமியின் பிள்ளைகள் மச்சான், மச்சாள். ஆங்கிலம் இவர்கள் எல்லோரையும் கசின் என்ற ஒரு பெட்டியில் போடுகிறது. அவள் நால்வரைச் சேர்த்தது எண்ணத் தெரியாமல் அல்ல. மாமாவின் பிள்ளைகள் இருவரை அவள் கீறவே இல்லை என்பதை நாங்கள் பின்னர்தான் கவனித்தோம். ஐந்து வயதுப் பிள்ளை தமிழ் உறவுமுறையைப் பிசகில்லாமல் பிரித்திருந்தாள். பிழை விட்டவர்கள் நாங்கள்.

இந்த முறை எமக்கு மட்டும் உரியதும் அல்ல. லூயிஸ் ஹென்றி மோர்கன் என்ற அமெரிக்க அறிஞர் 1871-இல் வெளியிட்ட உறவுமுறை பற்றிய பெருநூலில், வட அமெரிக்காவின் செனக்கா மக்களுடைய உறவுமுறை தமிழர் முறையைப் பெரிதும் ஒத்திருப்பதைக் கண்டு வியந்து எழுதினார். அவர்களும் தகப்பனின் சகோதரனைத் தகப்பன் என்றார்கள், அவருடைய பிள்ளைகளைச் சகோதரர் என்றார்கள். அந்தச் செனக்கா மக்களின் கனாட்செக்வியாகொன் என்ற ஊர் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எமது ரூஜ் ஆற்றங்கரையில்தான் இருந்தது. எங்கள் மகளின் படத்தை அன்று அந்த ஆற்றங்கரையில் காட்டியிருந்தால் யாரும் கோடு போட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. இரண்டு, மூன்று வயதில்: தோய்த்த உடுப்பை மடிக்கும்போது காலுறைகளைப் பிள்ளையிடம் கொடுங்கள். அப்பாவுடையது, அம்மாவுடையது, தம்பியுடையது என்று பிரிக்கட்டும். பயறு, கடலை போன்ற சிறு தானியங்களை இந்த வயதிற் கொடுக்கவேண்டாம், தொண்டையில் அடைக்கக்கூடும்.

2. நான்கு வயதில்: அதே காலுறைகளை முதலில் ஆட்படியும், பின்னர் நிறப்படியும் பிரிக்கச் சொல்லுங்கள். விதி மாறும்போது, "இப்ப வேற விளையாட்டு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கை தடுமாறினால் சிரிக்கவேண்டாம்.

3. ஐந்து வயதில்: குட்டி, கன்று, குஞ்சு, பிள்ளை என்ற நான்கு சொற்களைச் சொல்லி, எது எதற்கு என்று கேளுங்கள். பூனைக்குட்டி, மாட்டுக்கன்று, கோழிக்குஞ்சு, அணிற்பிள்ளை. தென்னைக்கும் பிள்ளை என்று சொல்லி, ஏன் என்று யோசிக்க விடுங்கள்.

4. ஆறு வயதுக்கு மேல்: பழம் கூடவா, மாம்பழம் கூடவா என்ற கேள்வியை மாதத்துக்கு ஒரு தடவை கேளுங்கள். விடை மாறும் நாளைக் குறித்து வையுங்கள்.

5. எந்த வயதிலும்: பிழை என்று சொல்வதற்கு முன், "ஏன் இதோடு இதை வைத்தாய்?" என்று கேளுங்கள். விடையைக் கேட்டபின் திருத்துவதற்கு ஒன்றும் இல்லாமற் போகலாம். திருத்தவேண்டி இருந்தாலும், எதைத் திருத்துகிறோம் என்பதாவது எமக்குத் தெரிந்திருக்கும்.

நாங்கள் செய்தது இதுதான். எட்டுப் பிள்ளைகளின் புகைப்படங்களை அட்டைகளாக வெட்டினோம். முதலில் யார் எந்த வீடு என்று பிரித்தாள். பின்னர் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவாய் என்று கேட்டோம், அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி, மச்சாள் என்று அடுக்கினாள். கடைசியாக வகுப்பில் சொன்னபடி பிரிக்கச் சொன்னோம், அதையும் செய்து, "இது ஸ்கூல் விளையாட்டு" என்றாள். ஆசிரியருக்கும் எமது உறவுமுறையை விளக்கி அரைப் பக்கக் கடிதம் ஒன்று எழுதினோம். அவர் நன்றி கூறினார். அவருக்குத் தெரியாதிருந்தது அவருடைய குற்றமல்ல, முன்னரே சொல்லாதது எங்கள் குற்றம்.

அடுத்த முறை பெரியப்பா வீட்டுக்குப் போனபோது வாசலில் நின்றே "அண்ணா" என்று கூப்பிட்டாள். அவன் கேளாதவன் போலத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் தரம் கூப்பிட்டதும் எழும்பி வந்தான்.